தொண்டைக்கு ஒரு மாத லீவு

கேட்டின் கொக்கி மெல்ல விழும் சத்தம் கேட்டபோது பிரிஸில்லா டீச்சரின் கையிலிருந்த வர்க்கி பாதி டீக்குள் இருந்தது.

வந்தது யாரென்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. அந்தக் கேட்டை அவ்வளவு மரியாதையாகத் திறக்கிற ஆள் வண்டிச்சோலை வட்டாரத்தில் ஒருவர்தான். பாஸ்டரம்மா ஈவ்லின். ஏப்ரல் கடைசித் திங்கட்கிழமை, காலை பத்து மணி, பாஸ்டரம்மா. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. வி.பி.எஸ்.

வி.பி.எஸ். என்றால் விடுமுறை வேதாகமப் பள்ளி. மே மாதத்தில் சபைப் பிள்ளைகள் நூற்றிருபது பேரைச் சர்ச் ஹாலில் சேர்த்து, பாட்டு, கதை, மனப்பாட வசனம், கைவேலை என்று காலை ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை பத்து நாள் நடத்துகிற ஏற்பாடு. யார் நடத்துவது? சபையில் டீச்சர் என்று ஒருத்தி இருக்கும்போது வேறு யாரைப் போய்க் கேட்பார்கள்? பதினெட்டு வருஷமாகப் பிரிஸில்லாதான். வருஷம் பூராவும் ஏழாம் வகுப்பைப் பார்த்துக் கத்திவிட்டு, லீவு விட்ட கையோடு சர்ச்சில் போய் மிச்சத்தையும் கத்துவாள்.

இந்த வருஷம் முடியாது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அவள் ஒன்றும் காஷ்மீருக்குப் போக ஆசைப்படவில்லை. சமவெளியில் இருக்கிறவர்கள் எல்லாம் இ-பாஸ் எடுத்துக்கொண்டு இந்த மலைக்கு ஏறி வருகிற மாசத்தில் அவள் எங்கே போவது? அவள் கேட்டதெல்லாம் அற்ப சந்தோஷங்கள். ஒரு டம்ளர் டீயைச் சூடாக, உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வரை குடிக்க வேண்டும். ஸ்டாஃப் ரூமில் அவள் டீ குடித்ததே கிடையாது. மணி அடித்துவிடும், ஆறிப்போனதைக் கடமைக்கு விழுங்குவாள், அவ்வளவுதான். மத்தியானம் ஒரு தூக்கம் போட வேண்டும். அப்புறம் பிளம்ஸ்.

வீட்டுக்குப் பக்கத்தில் நின்ற பிளம்ஸ் மரம் அவள் கையால் நட்டது. மே பாதியில் பழம் கறுஞ்சிவப்பாகிவிடும். மரத்தடியில் நாற்காலியைப் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, பறித்துப் பறித்துத் தின்ன வேண்டும். காய்க்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு வருஷம்கூட அது நடந்ததில்லை. பழம் கனிகிற பத்து நாளும் வி.பி.எஸ். நடக்கிற பத்து நாளும் பேசி வைத்தாற்போல ஒன்றாகவே வரும். எல்லாம் முடிந்து வந்து பார்த்தால் குரங்குகள் துப்பிய கொட்டைதான் கிடக்கும்.

ஆகவே பாஸ்டரம்மாவைப் பார்த்து அவள் பதறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின்போதே திட்டம் தயாராகிவிட்டது. கொடியில் காய்ந்த கணவரின் மப்ளரை உருவிக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். ஸ்வெட்டர் பாக்கெட்டில் மடித்து வைத்திருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"டீச்சர், நல்லா இருக்கீங்களா? ஒரு முக்கியமான விஷயம் பேசணும்னு வந்தேனுங்க" என்று பாஸ்டரம்மா எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "இந்த வருஷ வி.பி.எஸ். இருக்குதில்லீங்களா, அது சம்பந்தமா கமிட்டில..."

பேசிக்கொண்டே பாஸ்டரம்மாவின் கை பைக்குள் போனது. நீலப் பளபளப்புக் காகிதத்தில் சுற்றிய பொட்டலம் ஒன்று மெல்லத் தலைகாட்டியது. பிரிஸில்லாவுக்குத் தெரியாதா? வருஷா வருஷம் வி.பி.எஸ். கைப்புத்தகத்தை அட்டை போட்டுக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். மடியில் விழுந்துவிட்டால் கதை முடிந்தது. அவள் சட்டென்று காகிதத்தை நீட்டினாள்.

'தொண்டை டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மாதம் பேசவே கூடாதாம். மீறிப் பேசினால் குரல் நிரந்தரமாகப் போய்விடும். மன்னிக்கவும்.'

'பேசவே கூடாது' என்பதன் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

பாஸ்டரம்மா அதை இரண்டு தடவை படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"எப்பலிருந்துங்க?" அவருடைய குரலும் தானாகவே ரகசியக் குரலாகிவிட்டது.

பிரிஸில்லா நாலு விரலைக் காட்டினாள். நாலு நாள் என்று அவளுடைய கணக்கு.

"நாலு மாசமாவா? நாலு மாசமா இத வெச்சுக்கிட்டா பள்ளிக்கூடத்துக்குப் போனீங்க?"

மாசம் இன்னும் நன்றாகத்தான் இருந்தது. அவள் ஆமாம் என்று தலையசைத்தாள்.

பாஸ்டரம்மா நீலப் பொட்டலத்தைப் பைக்குள் அவசரமாகத் திணித்தார். பிரிஸில்லாவின் கண் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இது ஒண்ணுமில்லீங்க. இந்த நேரத்துல போயி அதையெல்லாம் சொல்லக் கூடாது. நீங்க மொதல்ல ஒடம்பத் தேத்துங்க" என்றார். கேட்டை முன்னைவிட மரியாதையாகச் சாத்திவிட்டுப் போனார்.

பிரிஸில்லா டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். டீ இன்னும் சூடாகவே இருந்தது.

சாயங்காலம் கணவர் டெனின் வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். டெனின் எஸ்டேட் ஃபேக்டரி ஆபீஸில் கிளார்க். அதிர்ந்து பேசாத மனுஷர். அவருக்கு அதற்கு வாய்ப்பே கிடைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

"பாஸ்டரம்மாகிட்டயே பொய் சொல்லிட்டயா பிரிஸி?"

"நான் எங்கங்க சொன்னேன்? எழுதித்தான குடுத்தேன். பொய் சொல்ற நாவுதான் தப்புன்னு வேதத்துல இருக்குது. பேனாவப் பத்தி ஒண்ணும் இல்ல."

டெனின் சற்று யோசித்தார். "அப்ப ஒரு மாசம் இந்த ஊட்ல பேச்சே இருக்காது?"

"வெளிய ஆள் இருந்தா பேச மாட்டேன். கதவு ஜன்னல் சாத்தியிருந்தா பேசுவேன்."

டெனின் எழுந்துபோய் வீட்டில் இருந்த எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் சொர்க்கம். டீ சூடு. வர்க்கி மொறுமொறு. மத்தியானத் தூக்கத்தில் கனவுகூட வரவில்லை. வியாழக்கிழமை குரங்கு வந்தது.

மரத்தில் காய் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. அதைக் குரங்குக்கு யார் சொல்வது? பிரிஸில்லா வாயைத் திறந்தாள். ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சை நடுங்க வைக்கிற குரல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மருதாயி துணி உலர்த்திக்கொண்டு நிற்பது கண்ணில் பட்டது. மருதாயி இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, சின்னப் பிள்ளையாகக் கப்பலேறி வந்தவள். இங்கேயும் கொழுந்துதான் பறிக்கிறாள். அவள் காதுக்குப் போனது மதியத்துக்குள் மூன்று எஸ்டேட்டுக்குப் போய்விடும்.

பிரிஸில்லா வாயை மூடிக்கொண்டு செருப்பைக் கழற்றி எறிந்தாள். குரங்கு நகர்ந்துகொண்டது. செருப்பு கிளையில் அடித்து இருபது முப்பது காய்களை உதிர்த்துவிட்டு மருதாயியின் வாளியில் போய் விழுந்தது.

"டீச்சரம்மா" என்றாள் மருதாயி, செருப்பை வாளியிலிருந்து எடுத்துக் கொடுத்தபடி. "நீங்க பழையபடி ஒரு சத்தம் போட்டா இந்தக் கொரங்கு கொலக்கம்பைக்கே ஓடிப் போயிருக்குமே. ஒங்க தொண்டைக்கா இந்தக் கதி? நான் மல்லியும் இஞ்சியும் தட்டிப்போட்டுத் தேத்தண்ணி கொண்டாறேன். குடிச்சுப் பாருங்க."

மருதாயி கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடிப்பதற்குள் பிரிஸில்லாவின் சொந்த டீ ஆறிவிட்டது. அதுதான் முதல் ஆறிய டீ.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் அவள் பேரைச் சொல்லி ஜெபித்தார். சபையே திரும்பிப் பார்த்தது. திங்கட்கிழமை காலையிலிருந்து சபை வீட்டுக்கு வர ஆரம்பித்தது.

ஒருவர் மிளகு கொண்டுவந்தார். ஒருவர் மலைத்தேன். நாலு பேர் நாலு பாட்டில் யூகலிப்டஸ் தைலம் கொண்டுவந்தார்கள். பேச்சு வராதவளுக்குக் காதும் கேட்காது என்று அவர்கள் எல்லோரும் எப்படி முடிவு செய்தார்கள் என்று தெரியவில்லை. எதிரே உட்கார்ந்துகொண்டு மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி பேசினார்கள். ஒரு அம்மா பேனாவை வாங்கி, 'சீக்கிறம் குனமாகும்' என்று எழுதியே காட்டினார். பிரிஸில்லாவின் கை சும்மா இருக்குமா? சிவப்பு மையில் இரண்டு சுழி போட்டுத் திருத்தி, பத்துக்கு ஆறு கொடுத்துத் திருப்பித் தந்தாள்.

வந்தவர்கள் சீக்கிரம் எழுந்திருக்கவும் இல்லை. பேச முடியாதவளிடம் பேசுவதில் ஒரு சுகம் இருக்கிறது, குறுக்கே யாரும் வருவதில்லை. மாமியாரைப் பற்றி, மருமகளைப் பற்றி, வெளியே சொல்லக் கூடாத விஷயங்களை எல்லாம் அவளிடம் கொட்டினார்கள். போகும்போதுதான் மரத்தைப் பார்ப்பார்கள்.

"பிளம்ஸ் செவக்குதாட்ட இருக்குதுங்களே. ஊறுகாய்க்கு நாலு பறிச்சுக்கட்டுங்களா டீச்சர்?"

பிரிஸில்லா பதறிப்போய்க் கூடாது என்று தலையை ஆட்டுவாள். கையையும் சேர்த்து ஆட்டுவாள்.

"பாருங்க, கேக்கவே வேண்டாம்ங்கறாங்க. தங்கமான மனசுங்க ஒங்களுக்கு."

நாலு என்றவர்கள் நாற்பது பறித்தார்கள். மூன்றாம் நாள் மரத்தின் கீழ்க்கிளையில் இலை மட்டும்தான் மிச்சம். மூன்று நாளில் இருபத்தாறு டீ போட்டிருந்தாள். ஒன்றைக்கூடச் சூடாகக் குடிக்கவில்லை.

"இதுக்குப் பேசாம வி.பி.எஸ். போயிருக்கலாம்" என்றார் டெனின், ஊறுகாய் போட்டுச் சபையார் கொடுத்தனுப்பிய பாட்டிலைத் திறந்தபடி. அவர்கள் வீட்டுக் காய்தான்.

பிரிஸில்லா ஜன்னலைச் சாத்தினாள். "சும்மா இருங்க. எனக்கு வழி தெரியும்" என்றாள்.

வழி சுலபமாகத்தான் தெரிந்தது. பள்ளிக்கூட சார்ட் பேப்பர் ஒன்று மிச்சம் இருந்தது. 'டாக்டர் உத்தரவு. பார்வையாளர்கள் உள்ளே வர அனுமதி இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கேட்டில் கட்டினாள். இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தாள். எழுத்து வரிசையாக, அழகாக விழுந்திருந்தது.

வியாழக்கிழமை ஒரு ஆளும் வரவில்லை. பத்து மணி டீயைச் சூடாகக் குடித்தாள். அவளுடைய அறிவை அவளே மெச்சிக்கொண்ட நேரத்தில்தான் செல்போன் முனகியது. சபைப் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ கேட்டின் போட்டோவைப் போட்டிருந்தார்கள். அதன் கீழே வரிசையாக வந்துகொண்டிருந்தது.

'பாவம், ரொம்ப முத்திப் போச்சாட்டம்.'

'கோயமுத்தூர் ஆஸ்பத்திரில ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன்.'

'ஆபரேஷன் ஆயிருச்சுங்க. மப்ளர் அதுக்குத்தான்.'

கடைசியாகப் பாஸ்டரம்மாவிடமிருந்து ஒன்று: 'உள்ளே போகக் கூடாதென்றுதானே டாக்டர் சொல்லியிருக்கிறார். வெள்ளி, சனி இரண்டு நாளும் டீச்சர் வீட்டு மரத்தடியில் உபவாச ஜெபம். அனைவரும் வரவும்.'

பிரிஸில்லா எழுந்துபோய் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தாள்.

நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள். ஜமுக்காளம் விரித்தார்கள். பாட்டு எழுதிய சார்ட்டை மரத்தின் மேல்கிளையில் ஆணி அடித்து மாட்டினார்கள். அடித்த அடியில் உதிர்ந்த காய்களைப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டார்கள். உபவாசம் முடிந்ததும் எல்லோருக்கும் பசி. பழம் பாதிதான் சிவந்திருந்தது, பசிக்கு அது போதும்.

அதெல்லாம் போகட்டும். பாஸ்டரம்மா ஜெபம் பண்ணினாரே, அதைத்தான் பிரிஸில்லாவால் தாங்க முடியவில்லை.

"ஆண்டவரே, பதினெட்டு வருஷமா எங்க பிள்ளைங்களுக்காகவே கத்திக் கத்தி ஓஞ்சுபோன தொண்டை இது. நாங்க ஒரு நாளும் டீச்சருக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்ல. எங்கள மன்னிச்சு, இவங்களுக்குக் குரலத் திருப்பிக் குடுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் அழுதுவிட்டார். கூட இருந்தவர்களும் மூக்கைச் சிந்தினார்கள்.

பிரிஸில்லாவுக்கு வெட்கமாக இருந்தது. நிஜமான வெட்கம். அந்த நீல ஜமுக்காளத்துக்குக் கீழே புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. இந்த நாடகத்தை இதோடு நிறுத்திவிட வேண்டும் என்று தீர்மானித்தாள். அவள் வெட்கப்படுகிறபோதும் கணக்குத் தப்பாதவள். திங்கட்கிழமை வி.பி.எஸ். ஆரம்பம். அதற்குப் பொறுப்பாகப் போன வருஷம் காலேஜ் முடித்த ஸ்வேதாவைப் போட்டிருக்கிறார்கள் என்று காதில் விழுந்தாயிற்று. இனி யாரும் தன்னைக் கூப்பிடப் போவதில்லை. மேலேயிருக்கிற நாலு கிளையில் இன்னும் முக்கால் கூடை தேறும். கொஞ்சம் தேவலை என்று சொல்லிவிட்டால் ஜனங்கள் வருவது நிற்கும், பழத்துக்கும் பழம், மனசுக்கும் நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பாஸ்டரம்மாவின் கையைப் பிடித்து, காற்றுக் குரலில், "இப்பக் கொஞ்சம் பரவால்லீங்க. மெதுவாப் பேச வருது" என்றாள்.

"ஸ்தோத்திரம்" என்ற பாஸ்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் ஸ்வேதா நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டீச்சர், நாளைக்கு வி.பி.எஸ். ஆரம்பிக்குது. நீங்க இல்லாம நடக்குதேன்னு மனசுக்குள்ள எப்படிக் கெடந்து தவிச்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றார் பாஸ்டரம்மா.

பிரிஸில்லா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"மறைக்காதீங்க. நீங்க பேசவே வேண்டாம். ஒரு நாற்காலி போட்டு வெக்கறோம். வந்து உக்காந்தாப் போதும்."

"ஆமாங்க டீச்சர்" என்றாள் ஸ்வேதா. "நீங்க இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

பிரிஸில்லா இன்னும் பலமாகத் தலையை ஆட்டினாள். கையையும் சேர்த்து ஆட்டினாள்.

"பாரு ஸ்வேதா, சந்தோஷத்துல டீச்சருக்குப் பேச்சே வரல" என்றார் பாஸ்டரம்மா.

பேசாதவளால் எதை மறுக்க முடியும்? காற்றுக் குரலில் நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் பொய் உடைந்துவிடும். நாலு வார்த்தைக்குள் பாஸ்டரம்மாவிடம் மறுத்து ஜெயித்தவர்கள் நீலகிரி மாவட்டத்திலேயே கிடையாது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவள் சர்ச் ஹாலில் இருந்தாள். மேடைக்குப் பக்கத்தில், ஜன்னலோரமாக, மெத்தை வைத்த நாற்காலி தயாராக இருந்தது. சர்ச்சில் வேலை பார்க்கிற ராசு அதை ஒரு தடவை துண்டால் தட்டிவிட்டு, "உக்காருங்க டீச்சர்" என்றார். ராசு ரொம்ப நல்ல மனுஷர். மணி அடிப்பது, பெஞ்சு போடுவது, தோட்டம் பார்ப்பது எல்லாம் அவர்தான். மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாத ஆள் என்று சபையில் ஒரு பெயர் உண்டு.

உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் சரிவுக்குக் கீழே அவளுடைய வீட்டுத் தகரக் கூரையும் பிளம்ஸ் மரமும் பளிச்சென்று தெரிந்தன. மேல்கிளைகள் நல்ல சிவப்பு. அதற்கு ஒரு அங்குலம் மேலே கூரையின் விளிம்பில் ஐந்து குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

பத்தரைக்குக் குரங்குகள் இறங்கின. ஹாலில் நூற்றிருபது பிள்ளைகள் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். பிரிஸில்லா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு தன் பழங்களை ஒவ்வொன்றாகக் குரங்குகள் தின்பதைப் பார்த்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டால் சரிவுக்குக் கீழே கேட்கும். அவளுடைய சத்தம் கேட்கும், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. போட முடியாது.

"டீச்சருக்குப் பாட்டக் கேட்டுக் கண்ணுல தண்ணி வந்துருச்சு" என்று ஸ்வேதா பாஸ்டரம்மாவிடம் சொன்னாள்.

சும்மா உட்கார்ந்தால் போதும் என்றார்களே தவிர, சும்மா உட்காரவும் விடவில்லை. முதல் நாள் ஒரு டப்பா பென்சிலைக் கொடுத்துச் சீவச் சொன்னார்கள். பார்த்தால் ஏற்கெனவே கூராகத்தான் இருந்தன. இரண்டாம் நாள் பெஞ்சுகளை எண்ணச் சொன்னார்கள். மூன்றாம் நாள் நூற்றிருபது ஆட்டுக்குட்டிகளைக் காகிதத்தில் வெட்டினாள். மறுநாள் ஸ்வேதாவின் அலமாரியைத் திறந்தபோது ஏற்கெனவே வெட்டிய நூற்றிருபது ஆட்டுக்குட்டிகள் ரப்பர் பேண்டு போட்டு இருந்தன. பாடம், சார்ட், பரிசு, பத்து நாள் நிகழ்ச்சி நிரல் எல்லாமே அங்கே அடுக்கி வைத்திருந்தது. இரண்டே வாரத்தில் இந்தப் பெண் இத்தனையும் எப்படிச் செய்தாள் என்று பிரிஸில்லாவுக்கு ஆச்சரியம். இருந்தாலும் தன்னிடம் வேலை கேட்டு வருகிறார்கள் என்றால் என்ன பொருள்? தான் இல்லாமல் இவர்களுக்கு ஒரு நாள் ஓடாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

ஐந்தாம் நாள் ஸ்வேதாவால் பிள்ளைகளை அடக்க முடியவில்லை. பிரிஸில்லா நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஹாலை இடமிருந்து வலமாக ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். ஜன்னலில் மோதிய ஈயின் சத்தம் கேட்டது.

பதினெட்டு வருஷமாகக் கத்தியது வீண் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஆனால் பழம் குறைந்துகொண்டே வந்தது. ஒன்றரை மணிக்கு முடிந்து, இறக்கத்தில் அவள் ஓடாத குறையாக வீடு சேர்வதற்குள் குரங்குகள் அன்றைய பங்கை முடித்துவிட்டுக் கூரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ஒரு சனிக்கிழமை டெனின் ஏணி வைத்து ஏறி ஒரு பை நிறையப் பறித்தார். மரத்தில் சாய்த்திருந்த ஏணியைப் பார்த்துச் சந்தோஷமாக வீட்டுக்குள் வந்த பிரிஸில்லாவிடம், "பாஸ்டரம்மா வந்தாங்க. வி.பி.எஸ். பிள்ளைங்களுக்கு ஆளுக்கொரு பழம் குடுக்கலாம்னு நீ ஆசைப்பட்டயாம். தலையாட்டினியாமே. குடுத்துட்டேன்" என்றார்.

பத்தாம் நாள் நிறைவு விழா. பிள்ளைகள் பாடினார்கள், நடித்தார்கள். கடைசியில் பாஸ்டரம்மா மேடையேறி, "பேச முடியாத நிலையிலும் நம்ம கூடவே இருந்து வழிநடத்தின டீச்சருக்கு" என்று சொல்லி, நீலக் காகிதப் பொட்டலம் ஒன்றை அவள் கையில் கொடுத்தார். ஒரு ஓரத்தை மட்டும் பிரித்துப் பார்த்தாள், உள்ளே நல்ல கம்பளிச் சால்வை. ஹால் எழுந்து நின்று கைதட்டியது. பிரிஸில்லாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இந்தத் தடவை நிஜமாகவே.

பிள்ளைகள் செய்து கொடுத்த கைவேலைச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ராசு அவளை வீடு வரை கொண்டுவிட வந்தார். இறக்கத்தில் நடக்கும்போது பிரிஸில்லா கணக்குப் பார்த்தாள். பழம் போனது உண்மைதான். ஆனால் பொறுப்பு தலையில் விழவில்லை. தொண்டை கிழியக் கத்தவில்லை. பொய்யும் வெளியே வரவில்லை. சால்வை வேறு. ஸ்கூல் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் பாக்கி இருக்கிறது, டீயாவது சூடாகக் கிடைக்கும். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் ஜெயித்தது தான்தான் என்று வந்தது.

கேட்டைத் திறந்ததும் அண்ணாந்து பார்த்தாள். மரத்தின் உச்சியில், இலைக்குள் மறைந்து, ஒரே ஒரு பழம். கறுஞ்சிவப்பாக, நன்றாகக் கனிந்து, குரங்கின் கண்ணுக்கும் தப்பி நின்றது.

ராசுவும் அதைப் பார்த்துவிட்டார். "ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க டீச்சர். பறிக்கட்டுங்களா?"

பறித்துத் தரத்தான் கேட்கிறார் என்று நினைத்து அவள் ஆசையோடு தலையசைத்தாள். அவர் டெனின் சாய்த்து வைத்திருந்த ஏணியில் ஏறி, தன் குடைக் கொக்கியால் கிளையை வளைத்துப் பழத்தைப் பறித்து, சட்டையில் துடைத்து, நின்ற நிலையில் ஒரு கடி கடித்தார்.

பிரிஸில்லா மூச்சை இழுத்து விட்டாள். கோபத்தை எங்கேயாவது காட்ட வேண்டுமே. கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் பழக்கம், குறை உடனே கண்ணில் பட்டது.

"பேப்பர் ஏன் இப்படிக் கசங்கியிருக்குது?" என்றாள் காற்றுக் குரலில்.

"கசங்காம என்னங்க டீச்சர் பண்ணும்?" என்றார் ராசு, கொட்டையைத் துப்பிவிட்டு. "'வி.பி.எஸ்.ஸ ஸ்வேதா பாத்துக்கும், இந்த வருஷமாவது நீங்க ஊட்ல நிம்மதியா ரெஸ்ட் எடுங்க'ன்னு சொல்லி ஒங்களுக்குப் போத்தறதுக்குத்தான் ஏப்ரல் மாசமே பாஸ்டரம்மா இதத் தூக்கிட்டு வந்தாங்க. தொண்டை போன நேரத்துல அதச் சொன்னா மனசு ஒடஞ்சு போயிருவீங்கன்னுதான் நாங்களே ஒங்களுக்குன்னு அந்த நாற்காலியப் போட்டோம்."